வீட்டையும் வழிபாட்டையும் எழுதுதல்

(வெள்ளி விழா இலக்கிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு 'தன்வரலாறு எழுதும் கலை' என்பதாகும். தலைப்போ பெரிது, தந்த நேரமோ முக்கால் மணி. எனவே அதனை நாம் சற்றுக் குறுக்கிக்கொண்டோம். குறுக்கியதற்குக் காரணமும் உண்டு. இம்மலருக்கென நம் இளைஞர்கள் எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. வகுப்பில் தனியே அமர்த்தப்பட்டது, தேநீர்க் கடையில் தனிக் குவளை, விடுதிச் சோறு, முதல் மாதச் சம்பளம் ஆகிய எல்லாவற்றையும் தயக்கமின்றி எழுதியிருக்கிறார்கள். படிக்கையில் நெஞ்சு நிறைந்தது. ஆயினும் ஏறத்தாழ எல்லாக் குறிப்புகளும் இரண்டு வாசல்களில் வந்து நின்றுவிடுகின்றன. ஒன்று வீட்டு வாசல். மற்றொன்று வழிபாட்டிடத்தின் வாசல். தந்தையாரைப் பற்றிக் 'கண்டிப்பானவர்' என்று ஒரு சொல். தாயாரைப் பற்றிப் 'பொறுமையே உருவானவர்' என்று ஒரு சொல். குடும்பத்தைப் பற்றிப் 'பக்தியுள்ள குடும்பம்' என்று ஒரு சொல். அவ்வளவோடு அடுத்த பத்தியில் கல்லூரி வந்துவிடுகிறது.

அச்சொற்களுக்குப் பின்னால் இருப்பதை எழுதுவது எவ்வாறு என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வீட்டையும் வழிபாட்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள் என்று கேட்கலாம். நம் தெருக்களில் அவை தனித்தனியே இருந்ததில்லை. கணவன் குடியை விட வேண்டுமென்று மனைவி நேர்ந்துகொள்கிறாள்; வேளாங்கண்ணிக்கோ, சமயபுரத்துக்கோ கால் நடையாய்ப் போகிறாள். வரதட்சணை கொடுக்க வழியில்லாத வீட்டில் மூத்த மகள் கன்னியர் மடத்தை நினைக்கிறாள். பிள்ளை சுகமில்லாமல் கிடந்தால் சாமியாடியை அழைக்கிறார்கள், அல்லது உபதேசியாரை அழைத்துச் செபம் சொல்லச் சொல்கிறார்கள். வீட்டில் பட்ட புண்ணுக்கு மருந்து தேடிப் போன இடம் கோயில். அந்தக் கோயிலில் வேறொரு புண் பட்டுத் திரும்பியதும் உண்டு. ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால் இரண்டுமே பாதிதான் விளங்கும்.

நம் சொந்த வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல அவை அனுமதிக்க வேண்டும். எங்கள் தந்தையார் குடித்துவிட்டு வரும் இரவுகளில், தெருமுனையில் அவர் குரல் கேட்டதுமே தாயார் செபமாலையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து உரக்கச் செபிக்கத் தொடங்குவார். மற்ற நாள்களில் அவருடைய செபம் உதட்டசைவாகத்தான் இருக்கும். அந்த இரவுகளில் மட்டும் தெருவே கேட்கும். பிள்ளைகளாகிய நாங்கள் அதனைப் பக்தியின் மிகுதி என்றே எண்ணியிருந்தோம். பல ஆண்டுகள் கழித்து, தந்தையார் மறைந்த பிறகு, அது தேவமாதாவுக்குச் சொன்ன செபமா, பக்கத்து வீட்டாருக்குச் சொன்ன சேதியா என்று தாயாரிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டுக்குந்தான்" என்றார்.

'பக்தியுள்ள குடும்பம்' என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்காது. ஆனால் அந்த முற்றமும் அந்தக் குரலும் எவருக்கும் தெரிந்திருக்கமாட்டா.

சமய வாழ்வைத் தன்வரலாறாக எழுதுவது புதிய வழக்கமன்று. ஏறத்தாழ கி.பி. 400ஐ ஒட்டி, வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீனார் எழுதிய 'அறிக்கைகள்' என்னும் நூலை உலகம் இன்றும் படிக்கிறது. அதனை ஒரு பக்தி நூல் என்றே பலரும் அறிவர். அதன் ஒன்பதாம் பகுதியில் அவர் தம் வீட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தம் தந்தையின் கடுஞ்சினத்தை அவர் மறைக்கவில்லை. அவ்வூர்ப் பெண்கள் பலர் கணவரிடம் அடிபட்ட தழும்புகளோடு நடமாடியதையும் சொல்கிறார். தம் தாய் மோனிக்கா மட்டும் அடிபடாமல் தப்பினார், ஏனெனில் கணவன் சினத்தில் இருக்கும்போது எதிர்த்துப் பேசாமல் அடங்கியிருந்தார் என்று எழுதி, அதைத் தாயின் பெருமையாகப் பாராட்டுகிறார்.

அவர் கண்டதைக் கண்டபடி எழுதினார் என்பதற்காக நாம் அவரை மதிக்கிறோம். அவர் பாராட்டிய இடத்தில் நம்மால் உடன்பட இயலவில்லை. தாய் அடங்கிப் போனதை அறமாக்கிவிட்டால், அடித்தவர்களைப் பற்றிய கேள்வி எழாமலே போய்விடுகிறது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கழிந்தும் நம் வீட்டு நினைவஞ்சல் அட்டைகளில் 'பொறுமையின் சிகரம்' என்றுதான் தாய்மாரைப் பற்றி அச்சிடுகிறோம். எந்தச் சமயமானாலும் இந்த ஒரு வரி மாறுவதில்லை. தாயைப் பற்றி எழுதப் புகும் இளைஞர்களுக்கு நாம் முதலில் சொல்வது, அவரைத் தெய்வமாக்கிவிடாதீர்கள் என்பதே. தெய்வமாக்கியபின் அவர் பட்டது வலி என்றே படிப்பவருக்குத் தோன்றாது.

இனி நம்மவர் எழுதிய நூல்களுக்கு வருவோம். மராட்டியத்தில் பல்டண் என்னும் ஊரில் சிறு மளிகைக் கடை வைத்திருந்த பேபி காம்ப்ளே (1929–2012) அம்மையார் 'ஜிண ஆமுச்ச' என்னும் தன்வரலாற்றை எழுதினார். 'எங்கள் வாழ்வு' என்பது அதன் பொருள். 1982இல் 'ஸ்திரீ' என்னும் மாத இதழில் தொடராகவும், 1986இல் நூலாகவும் வெளிவந்தது. மகர் சமூகப் பெண் ஒருவர் எழுதிய தொடக்ககாலத் தன்வரலாறுகளுள் ஒன்று அது. அந்நூலில் அவர் 'நான்' என்பதைவிட 'நாங்கள்' என்பதையே மிகுதியாகப் பயன்படுத்துகிறார். மூத்த மகனைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டுப் 'போத்ராஜா' ஆக்கும் வழக்கம், ஆடி மாதச் சடங்குகள், அருள் வந்து ஆடும் பெண்கள், ஆண்டு முழுதும் பட்டினி கிடந்தவர்கள் அந்தச் சில நாள்களில் அடையும் மகிழ்ச்சி ஆகிய எல்லாம் அதில் உண்டு. அம்மகிழ்ச்சியை அவர் எள்ளி நகையாடவில்லை. அதே வேளையில், எட்டு ஒன்பது வயதில் மணமுடித்து வந்த மருமகள்களை மாமியார்கள் வதைத்ததையும், கணவனே மனைவியின் மூக்கை அறுத்த கொடுமையையும் ஒளிக்காமல் எழுதினார். மேல்சாதியார் நம்மைத் தீண்டத்தகாதவராக்கினர். நாம் நம் மருமகளை அடிமையாக்கினோம் என்பதே அவர் வைத்த குற்றச்சாட்டு.

இதில் மற்றொரு செய்தி இருக்கிறது. அந்த அம்மையார் தம் எழுத்தைக் கணவருக்குத் தெரியாமல் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். தாமும் கணவரிடம் அடிபட்டதை அந்நூலில் அவர் எழுதவில்லை. நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் பின்னர் பேட்டி கண்டபோதுதான் அதனைச் சொன்னார்; அப்பெயர்ப்பு 2008இல் வெளிவந்தது. சமுதாயத்தின் வீடுகளையெல்லாம் திறந்து காட்டியவர் தம் வீட்டை மட்டும் ஏன் மூடி வைத்தார் என்று சிலர் குறை சொல்லக்கூடும். நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். கணவரோடு ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு எழுதிய பெண்ணுக்கு எதை எப்போது சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை உண்டு. எழுதாமல் விட்டதும் நூலின் ஒரு பகுதியே. பின்னர் அவர் வாயாலேயே அது வெளிவந்தபோது, முன்பு படித்த பக்கங்களுக்கெல்லாம் புதிய பொருள் பிறந்தது.

தமிழுக்கு வருவோம். பாமா எழுதிய 'கருக்கு' 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்ததை இங்குள்ளோர் அறிவீர்கள். தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கத்தோலிக்க தலித் குடும்பத்தில் பிறந்து, படித்து, ஆசிரியையாகி, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்ற நம்பிக்கையோடு கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழாண்டு கழித்து அதை விட்டு வெளியேறிய ஒருவரின் வரலாறு அது. வெளியேறியபோது கையில் வேலையில்லை. ஊரில் பழைய இடமுமில்லை. அந்த நிலையில் தம் மனப்புண் ஆறுவதற்காகவே எழுதத் தொடங்கியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

அந்நூலை இளைஞர்கள் ஒருமுறை கதைக்காகவும், மறுமுறை அது கட்டப்பட்டிருக்கும் விதத்துக்காகவும் படிக்க வேண்டும். பிறப்பு, பள்ளி, கல்லூரி, வேலை என்று காலவரிசையில் அவர் செல்லவில்லை. ஊரைச் சொல்கிறார், பிறகு சாதியைச் சொல்கிறார், உழைப்பை, விளையாட்டை, வழிபாட்டைத் தனித்தனியே சொல்கிறார். ஒரே நிகழ்ச்சிக்கு வேறு வேறு இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறார். புண்பட்ட நினைவு அப்படித்தான் வரும் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதில் அனைவரும் நினைவில் வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. தெருப் பெரியவர் ஒருவர் பண்ணையாருக்காகக் கடையில் வாங்கிய வடைப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். அதைப் பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. பொட்டலத்தில் கைபட்டால் தீட்டாகிவிடும் என்பதால்தான் அவர் அப்படித் தூக்கினார் என்று விளக்குகிறார். வளர்ந்த பாமாவுக்கு அந்த வடைப் பொட்டலத்தின் பொருள் முழுவதும் தெரியும். தெரிந்திருந்தும், சிறுமியின் சிரிப்பை அவர் அழித்துவிடவில்லை. முதலில் சிரிப்பை எழுதிவிட்டுப் பிறகுதான் அறிந்ததை எழுதினார். வழிபாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். ஏழு வயதில் புதுநன்மை வாங்கிய நாளில் வெள்ளைச் சட்டையோடு வானத்தில் பறப்பதுபோல் இருந்ததா? அப்படியே எழுதுங்கள். முப்பது வயதின் கசப்பை அந்த ஏழு வயதுக் குழந்தையின் வாயில் திணிக்காதீர்கள். தீமிதியில் அப்பாவின் தோளில் அமர்ந்து பூரித்திருந்தால் அந்தப் பூரிப்பும் உண்மையே.

மடத்தைப் பற்றி அவர் எழுதியவையும் இவ்வாறே பொறுமையாக எழுதப்பட்டவை. ஏழைகளுக்காக என்று சொல்லப்பட்ட வாழ்வு, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குள்ளேயே சுற்றி வந்ததைக் காட்டுகிறார். சில சபைகளில் நம் சாதிப் பெண்களைச் சேர்ப்பதில்லை என்றும், அவர்களுக்கெனத் தனியே ஒரு சபை இருப்பதாகவும் பயிற்சிக் காலத்தில் காதில் விழுந்த பேச்சு அவரை எப்படி நடுங்கவைத்தது என்பதைச் சொல்கிறார். ஆயினும் இயேசுவை அவர் கைவிடவில்லை. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்ற இயேசுவைத் தமக்குச் சிறுவயதில் எவரும் காட்டவில்லையே என்பதுதான் அவருடைய வழக்கு. நம் இளைஞர்கள் சிலர் சமயத்தைப் பற்றி எழுதினால் முழுதாக ஏற்க வேண்டும் அல்லது முழுதாக எறிய வேண்டும் என்று நினைக்கிறார்கள். நம் தாய்மார்கள் அப்படி வாழவில்லை. பங்குச் சாமியாரைத் திட்டிக்கொண்டே பூசைக்குப் போனார்கள்.

'கருக்கு' வெளிவந்ததும் ஊர் அவரைப் பாராட்டி வரவேற்றது என்று எண்ணிவிடாதீர்கள். ஊரை இழிவுபடுத்திவிட்டார் என்று ஊரார் சினந்தனர். சில மாதங்கள் அவர் தம் ஊருக்குள் செல்ல இயலாதிருந்தது. இளைஞர்கள் படித்து, இதில் இருப்பது நம் கதையே என்று பெரியவர்களுக்கு எடுத்துச் சொன்ன பின்னரே நிலைமை மாறியது. 1994இல் வந்த 'சங்கதி'யில் அவர் இன்னும் உள்ளே சென்று, நம் தெருவுக்குள்ளேயே பெண்கள் ஆண்களிடம் படும் அடி உதைகளை எழுதினார். முதல் நூலில் கொள்ளாதது இரண்டாம் நூலில் வந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்ற அவசரம் இளைஞர்களுக்கு வேண்டியதில்லை.

பாமாவின் உடன்பிறந்த அண்ணன், ஆய்வறிஞர் ராஜ் கௌதமன் (1950–2024). அவர் தம் இளமை வாழ்வை 2002இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' என்று எழுதினார். தங்கை 'நான்' என்று எழுதிய அதே ஊரையும் அதே தெருவையும் அண்ணன் 'சிலுவைராஜ்' என்ற பெயருள்ள ஒருவனுடைய கதையாக்கி, நாவல் என்று பெயரிட்டு, கேலியும் கிண்டலுமாக எழுதினார். பத்தாண்டு இடைவெளியில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு நூல்கள் வந்தன. ஒன்றில் அழுகை மேலோங்கி நிற்கிறது, மற்றொன்றில் சிரிப்பு. எது உண்மை என்று கேட்பது வீண். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஐந்து தந்தையர் இருப்பர் என்று நாம் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உங்கள் அக்காள் நினைவில் வைத்திருக்கும் தந்தை வேறு, உங்கள் தந்தை வேறு. அவரோடு சண்டையிட்டு ஒரே தந்தையை உருவாக்க முயலாதீர்கள்.

இனி, எழுதக் கூடாது என்பார் சொல்லும் தடைகளைப் பார்ப்போம்.

'நம் குறையை நாமே எழுதினால் மேல்சாதியார் கைகொட்டிச் சிரிப்பரே' என்பது முதல் தடை. இது எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. 1978இல் தயா பவார் மராத்தியில் 'பலுத்த' எழுதியபோதும் இதே குரல் எழுந்தது. நம்மவரின் குடி, நம்மவரின் சண்டை ஆகியவற்றையே தேடிப் படிக்கும் வாசகர்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் எழுதாவிட்டால் அவர்கள் நம்மை உயர்வாக நினைத்துவிடப் போவதில்லை. எழுதாமையால் இழப்பு யாருக்கு? அடிபட்டுக்கொண்டு, இது நம் வீட்டில் மட்டும் நடக்கும் அவமானம் என்று எண்ணி வாய்மூடிக் கிடக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத்தான்.

'பெற்றவரைக் காட்டிக்கொடுப்பதா?' என்பது இரண்டாவது தடை. இதற்கு விடையாக எங்கள் தாயார் சொன்னதையே சொல்கிறோம். அந்த இரவுகளைப் பற்றி எழுதலாமா என்று அவரிடம் கேட்டபோது, நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ஒங்க ஐயா அடிச்சத எழுதுங்க. அவுக அடிவாங்குனதையும் எழுதுங்க" என்றார். பிறகு, கூலி உயர்த்திக் கேட்டதற்காகக் களத்து மேட்டில் பலர் பார்க்கத் தந்தையாரைக் கட்டிவைத்து அடித்த கதையை முதன்முதலாகச் சொன்னார். அவர் அதனைப் பிள்ளைகளிடம் சொல்லியதேயில்லை. நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்த செய்தி அது.

அதைக் கேட்டதும் நம் மனம் தந்தையாரை முற்றிலும் மன்னித்துவிடத் துடித்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. களத்து மேட்டில் அடிபட்டவர்கள் வேறு சிலரும் இருந்தனர். அவர்கள் எல்லோரும் மனைவியை அடிக்கவில்லை. பட்டப்பகலில் ஒரு குறையுமில்லாமல், நெல் விற்ற காசு கையில் இருந்த நாளிலும் எங்கள் தந்தையார் அடித்திருக்கிறார். ஆகவே களத்து மேட்டை எழுத வேண்டும். அதனோடு இந்த நாள்களையும் எழுத வேண்டும். எல்லாப் பழியையும் சாதியின் தலையில் போட்டு வீட்டைக் கழுவிவிடுவது ஒருவகைப் பொய். வீட்டை மட்டும் எழுதிவிட்டுச் சாதியை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய பொய். இவ்விரண்டுக்கும் இடையே எழுதுவது கடினம். நம்மால் இன்னும் அந்த அத்தியாயத்தை முடிக்க இயலவில்லை.

மூன்றாவது தடையைப் பெரும்பாலோர் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம் சொல்லிவிடுவோம். அதுதான் சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்னும் நிலையை இந்துக்களோடு இணைத்து வைத்தது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராகிய நம்மவர் வெளியே நிறுத்தப்பட்டு, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். இதனால் ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் எத்தனை என்பது இந்த அவைக்கே தெரியும். ராஜ் கௌதமனின் சிலுவைராஜும் இறுதியில் வேலைக்காக இந்துவாக மாற வேண்டிய இடத்தில்தான் வந்து நிற்கிறான். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில், திருமுழுக்குப் பெற்று ஆலயத்துக்குச் சென்று வருபவர் வேலைவாய்ப்புச் சலுகைக்காக மட்டும் தம்மை இந்து என்று கூறிக்கொள்வதை ஏற்க இயலாது என்று தீர்ப்பளித்தது.

ஆகவே நம் வீட்டு வழிபாட்டை எழுதுவது வெறும் நினைவுக் கட்டுரையாக நின்றுவிடாமல், சான்றாவணமாகவும் ஆகிவிடக்கூடும். நீங்கள் எழுதும் ஒரு பத்தி உங்கள் தம்பியின் வேலையைத் தொடலாம். அக்காள் மகளின் கல்லூரி இடத்தைத் தொடலாம். இதைச் சொல்லி இளைஞர்களை அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. நம்மை இரண்டு பெயரோடு வாழவைத்த ஆணையைப் பற்றி நாம் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் உண்மையின் விலையைப் பிறர் தலையில் வைக்கும் உரிமை எழுதுகிறவருக்குக் கிடையாது. இச்செய்தியை எழுத விரும்புவோர் உடன்பிறந்தாரைக் கேட்டு, அவர்கள் ஒப்பாவிடில் ஊரையும் பெயரையும் மாற்றிக் கதையாக எழுதட்டும். கதை என்று சொன்னதால் உண்மை குறைந்துவிடாது என்பதற்கு முன்சொன்ன அண்ணன் தங்கை நூல்களே சாட்சி.

எழுதும் முறை பற்றிச் சில சொற்கள். இதற்கு நாம் அண்ணல் அம்பேத்கரையே துணைக்கு அழைக்கிறோம். அவர் தம் கைப்பட எழுதி வைத்திருந்த வாழ்க்கை நினைவுகள் சில, அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தால் 1990இல் சிறு நூலாக வெளியிடப்பட்டன. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பொருள்படும் தலைப்புக் கொண்டது அது. ஒரு கல்விச் சங்கம்தான் அதனை நமக்குக் கொடுத்தது என்பதை நம் ஆட்சிக் குழுவினர் கவனிக்க வேண்டும். அதில் 1901ஐ ஒட்டி, கோரேகாவில் வேலையிலிருந்த தந்தையைக் காணச் சதாராவிலிருந்து சிறுவர்கள் இரயிலேறிப் புறப்பட்ட கதை வருகிறது. புதுச் சட்டையும், சரிகைத் தொப்பியும், பட்டுக்கரை வேட்டியும் அணிந்து புறப்பட்டதை முதலில் சொல்கிறார். சாதி தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறியதையும், இரட்டிப்புக் கூலி கொடுத்தும் வண்டியைச் சிறுவரே ஓட்ட நேர்ந்ததையும், கையில் உணவிருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாய் உறங்கியதையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அழுதோம், துடித்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதவில்லை. தந்தை நிலையத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்கும் காரணம் சொல்கிறார்: கடிதம் வந்தும் பணியாள் அதைத் தந்தையிடம் கொடுக்க மறந்துவிட்டான். வீட்டுப் பக்கத்துத் தவறு ஒன்று இருந்தால் அதையும் கணக்கில் எழுதிவிடுவதுதான் அவர் முறை.

எனவே உணர்ச்சியில் தொடங்காமல் பொருளில் தொடங்குங்கள். வீட்டுச் சுவரில் இருந்த படம் எது, அதன் சட்டத்தின்கீழ் எதைச் செருகி வைத்திருந்தார்கள், நேர்ச்சைக்கு முடிந்து வைத்த காசு எந்தப் பானையில் இருந்தது என்று எழுதுங்கள். பெரியவர்கள் சொன்ன சொற்களை மாற்றாதீர்கள். பாவசங்கீர்த்தனம், மண்டகப்படி, சப்பரம், அருள்வாக்கு என்று அவர்கள் சொன்னால் அவையே இருக்கட்டும். பாட்டிமார் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பங்கு ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். பல ஊர்களில் பழைய ஏடுகள் இலத்தீனில் இருக்கும். சிலவற்றில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதப்பட்டிருக்கும். நம் முன்னோர் பெயர் முதன்முதலாக மையில் ஏறிய இடம் அதுவாகவும் இருக்கலாம்.

முதற்படியை எவருக்கும் காட்டாமல் எழுதுங்கள். அச்சுக்குப் போகும் படி வேறு. எழுதும்போது உறக்கம் கெட்டு, பழைய நாளே திரும்பி வந்ததுபோல் உடல் நடுங்கினால் குறிப்பேட்டை மூடிவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். தேவையானால் மருத்துவரையும் பாருங்கள். அவ்வாறு மூடி வைத்த ஏடுகள் பிறகு நல்ல நூல்களாகியிருக்கின்றன.

ஆட்சிக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நம் நூலகத்தில் பூட்டுள்ள இரும்பு அலமாரி ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். எழுதியவர் இத்தனை ஆண்டு கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று உறைமேல் எழுதிக் கொடுத்தால், அவ்வண்ணமே முத்திரையிட்டு வைத்துக் காப்பாற்றுங்கள். தாயார் வாழ்நாள்வரை வேண்டாம் என்பாரும், அண்ணன் ஓய்வு பெறும்வரை வேண்டாம் என்பாரும் இருப்பர். அவர்கள் எழுத்தும் நமக்கு வேண்டும்.

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, பூசைக்குச் செல்வோர் சென்று திரும்பிய பின், நூலக அறையில் நாம் அமர்ந்திருப்போம். விருப்பமுள்ள இளைஞர்களும் தாய்மார்களும் ஒரு குறிப்பேட்டோடு வரலாம். எழுதத் தெரியாத பெரியவர்கள் வந்து சொன்னால் எழுதிக்கொள்ள ஆளிருக்கும். உரக்கப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் எவர்க்கும் இல்லை.